நீலக் கல் தெரிகிறதா?

ஒரு கையால் டயரைத் தட்டிக்கொண்டு, மறு கையில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "நீலக்கல்லு தெரியுதா?" என்று கேட்கிறார் வேடியப்பன். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, தட்டிய கை நின்றுவிடுகிறது. "முழுசா தெரியுதா, தலை மட்டும் தெரியுதா? போயி சரியா பாத்துச் சொல்லும்மா. காப்பிய அப்புறம் வெச்சிக்கலாம்." மகள் பின்வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை அவர் கண் இமைப்பதுகூட இல்லை. பிறகு "ம்" என்கிறார். அடுத்த டயருக்கு நகர்கிறார்.

கள்ளக்குறிச்சி புறவழிச்சாலையில் நூர் முகமதுவின் டயர் கடை வாசலில் காலை நேரத்தில் தவறாமல் நடக்கிற காட்சி இது. என் ஸ்கூட்டருக்கு ஆணி என்றால் கொள்ளை ஆசை. அதனால் இதை அடிக்கடி பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. கடை வாசலில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். ஊரில் எல்லோரும் மழை வருமா என்று அந்த மலையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். வேடியப்பன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே, அரிசி ஆலைப் புகைபோக்கிக்கு மேலே வானத்தைப் பார்ப்பார். அந்தத் திசையில் லாரியில் மூன்றரை மணி நேரம் போனால்தான் கடல்.

"நீங்களே கேளுங்க சார், கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் இன்னா சம்பந்தம்?" என்பார் நூர் முகமது, காற்றுக் குழாயை மாட்டியபடியே. "ரேடியோவுல மீனவர்களுக்கான எச்சரிக்கைன்னு வந்தாப் போதும், என் கடையில ஒருத்தன் இருமக்கூடாது. சத்தமா ஸ்பானர் போடக்கூடாது. வலையும் இல்ல, போட்டும் இல்ல. இவுரு எதுக்கு பயந்துக்கினு கெடக்குறாரு?" வேடியப்பன் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். "பாய், பின்னாடி உள் டயர்ல காத்து கம்மியா கீது, அத்தப் பாரு" என்று மட்டும் சொல்வார்.

ஐம்பத்தைந்து வயது. ஒடிசலான ஆள். பத்துச் சக்கர டிப்பர் லாரியின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெளியிலிருந்து தலைப்பாகை மட்டும்தான் தெரியும். சட்டைப் பையில் போன். அது நழுவிவிடாதபடி பைக்கு ஒரு ஊக்கு. மணி அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். டோல்கேட்டில் வரிசை பின்னால் கத்தும்போதும் எடுப்பார். கோயிலில் கற்பூரம் கண்ணில் ஒற்றும்போதும் எடுப்பார். ஒருமுறை போக்குவரத்துக் காவலர் லைசென்ஸ் கேட்டு நீட்டிய கையை அப்படியே நிற்கவைத்துவிட்டு, "இரு சார், பொண்ணு" என்று பேசி முடித்தாராம். அதற்கு அவர் கட்டிய அபராதத்தை நூர் முகமது இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

சின்னசேலத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கல்குவாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கடலூருக்குத் தெற்கே உள்ள மீனவக் குப்பங்களுக்குப் போவது அவர் வேலை. அங்கே கடல் ஊருக்குள் ஏறி வருகிறது என்று கரையை ஒட்டிக் கல்சுவர் எழுப்புகிறார்கள். தெற்கிலிருந்து வடக்காக, ஒவ்வொரு குப்பமாக. அந்தச் சுவர் எந்த ஊரில் முடிகிறதோ அதற்கு அடுத்த ஊரில், கடலைப் பார்த்த கடைசித் தெருவில் அவருடைய ஒரே மகள் ஷாலினி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "ஊர் பேரு மட்டும் எழுதிடாதீங்க சார். பொண்ணு அங்க நாலு பேரோட பொழங்கணும்" என்று கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

ஷாலினி கடலூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனபோது சந்தோஷ் என்கிற மீனவப் பையனைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடம் வேடியப்பன் மகளோடு பேசவில்லை. சாதிக்காகத்தானே என்றேன். "அய்ய, அதெல்லாம் இல்ல சார். கரையே தெரியாத தண்ணி. அதுக்குப் பக்கத்துல எப்பிடி பொண்ண வுடறது?" என்றார். பாதியைத்தான் நம்பினேன். மீதிப் பாதியை அவர் கடலுக்கு எதிரே உட்கார்ந்து சோறு தின்பதைப் பார்த்த பிறகு நம்பினேன். அலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், தட்டைப் பார்க்காமலே பிசைந்து, பார்க்காமலே வாயில் வைப்பார். முதுகைக் காட்டி உட்காரச் சொன்னால் மாட்டார்.

இன்னொரு பழக்கம். மகள் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றும் முன்பே கைப்பம்பை அடித்து, தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்ப்பார். "இன்னிக்கி கரிக்குது." அல்லது, "போன தபா மாதிரிதான் கீது." குறைந்திருக்கிறது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஷாலினி கல்யாணமாகி வந்தபோது அந்தப் பம்புத் தண்ணீரில் பருப்பு வெந்ததாம். இப்போது சோப்புக்கூட நுரைப்பதில்லை. அதனால் லாரியின் கேபினில், சீட்டுக்குப் பின்னால், சின்னசேலத்துக் கிணற்றுத் தண்ணீர் கேன் கேனாக எப்போதும் கடலுக்குப் பயணம் போய்க்கொண்டிருக்கும்.

அவர் மனைவி பெரியம்மாள் மணலூர்பேட்டைக்காரி. நடவுக்கும் கரும்பு வயலில் களையெடுப்புக்கும் போகிறவர். வானம் இருண்டால் அவருக்கு வேலை வருகிறது என்று அர்த்தம். கணவருக்கோ சாப்பாடு இறங்காது. ஒரே வீட்டில் ஒருத்தர் மழை வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்கிறார், இன்னொருத்தர் காற்றழுத்தத் தாழ்வு எதுவும் வரக்கூடாது என்று அதே மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்கிறார். அம்மன் பாடு திண்டாட்டம்தான். "மழ பேஞ்சா நாட்டுக்கே நல்லது. இந்த மனுஷனுக்கு மட்டும் ஆவ மாட்டேங்குது. இன்னா செய்யறது சொல்லுங்க" என்பார் பெரியம்மாள், கணவர் காதில் விழும்படியாகவே.

மணலூர்பேட்டைப் பெண்ணைக் கட்டியது மட்டுமல்ல, ஆற்றில் மணல் குவாரி நடந்த காலத்தில் அங்கேயே மணல் லாரியும் ஓட்டியவர் வேடியப்பன். மருமகன் சந்தோஷ் ஒருநாள் பேச்சுவாக்கில், "ஒங்க ஊரு பெண்ணையாத்து மணலுதான் மாமா எங்க கரைக்கு வரணும். அது வர்றது நின்னுபோச்சி, கடலும் பெருகிக்கினு வருது, வூட்டத் திங்கிது" என்று சொல்லியிருக்கிறான். வேறு யாரும் குத்திக்காட்டவில்லை. இவராகவே எடுத்து மாட்டிக்கொண்டார். "மணல எடுத்தாந்தவனும் நாந்தான், இப்ப கல்லு கொட்டுறவனும் நாந்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஏதோ நகைச்சுவை சொன்னவர் போலச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

ஷாலினி வாழ வந்தபோது வீட்டுக்குப் பின்னால் படகு இழுத்துப் போடவும், வலை காயவைக்கவும், அதற்கும் அப்பால் பையன்கள் கபடி ஆடவும் மணல் இருந்திருக்கிறது. இரண்டு கார்த்திகைக்கு முன்னால் அடித்த புயல் கபடி ஆடின இடத்தைக் கொண்டுபோனது. புயலாவது சொல்லிவிட்டு வந்தது. அதன் பிறகு சொல்லாமலே வருகிறது. காற்று இருக்காது, பளீரென்று வெயில் அடிக்கும், கடல் மட்டும் தானாகப் பொங்கி வந்து வலை காய்ந்த இடத்தையும் சுருட்டிக்கொண்டது. இப்போது பின்வாசலில் நின்று வெற்றிலை துப்பினால் அலையில் விழும்.

இதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நாளில்தான் வேடியப்பனுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. சுவருக்குப் பெரிய கல்தான் வேண்டும். வழியில் உடைந்ததையும் அளவு குறைந்ததையும் பொக்லைன் ஒதுக்கிவைத்துவிடும். ரிஜக்ட் கல் என்று பெயர். அதை லாரிக்காரரே திரும்ப ஏற்றிக்கொண்டு போய் எங்கேயாவது தள்ளிக்கொள்ள வேண்டியதுதான். மற்ற டிரைவர்கள் சாலையோரப் பள்ளத்தில் தள்ளினார்கள். இவர் மகள் வீட்டுப் பின்வாசலில் தள்ளினார். நடைக்கு நடை, இரண்டு கல், மூன்று கல். அவற்றில் கடல் பக்கமாக முன்னால் கிடக்கிற கல்லில் குவாரியில் குறி வைத்த நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அதுதான் காலையில் விசாரிக்கப்படுகிற நீலக்கல். அது முழுசாகத் தெரிந்தால் வீட்டுக்கு ஆபத்தில்லை. தலை மட்டும் தெரிந்தால் கடல் மேலே ஏறியிருக்கிறது என்று கணக்கு.

அவர் ஊரில் பெரிய ஏரி ஒன்று உண்டு. அடைமழையில் கரை உளுத்தால் ஊரே கூடி, தண்ணீர் மோதுகிற இடத்தில் கல்லைக் கொண்டுபோய்க் கொட்டும். தண்ணீர் அடங்கி, உபரி வழிகிற கலங்கல் பக்கமாகப் போய்விடும். அவருக்குத் தெரிந்த தண்ணீர் அதுதான். கல் கொட்டின வருடம் ஷாலினி வீட்டு வாசற்படிகூட நனையவில்லை. மனிதர் டயர் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் ஷாலினி வீட்டுக்கு வடக்கே, பக்கத்து வீட்டு ஆயம்மாளின் அடுப்படிச் சுவர் அடியில் மணல் அரித்து, ஒரு மத்தியானம் அப்படியே கடலுக்குள் சாய்ந்தது.

"ஏரின்னு நெனச்சிட்டேன் சார்" என்றார் என்னிடம். அன்று டயரைத் தட்டவில்லை. "ஏரித் தண்ணி கல்லப் பாத்தா நின்னுக்கும். இது நிக்கல. கல்லுல மோதிட்டு, அந்தக் கோவத்தப் பக்கத்து வூட்ல போயி காட்டுது." பெரிய சுவரில் மோதிய அலை, அது முடிகிற இடத்தில் ஷாலினியின் ஊரை அரித்தது; அதையே இவர் சின்ன அளவில் ஆயம்மாளுக்குச் செய்துவிட்டார். ஆயம்மாள் யார்? தலையில் அன்னக்கூடை வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்கிற விதவை. மகன் கேரளாவில் படகு வேலைக்குப் போய்விட்டான். இவர் போகும்போதெல்லாம், "அண்ணே, கல்லு தூக்குறவரு, நல்லாத் துன்னுங்க" என்று மீன் குழம்பு ஊற்றியவர். அந்தக் குழம்பு கொதித்த அடுப்படிதான் போனது.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் மறுபடியும் நானும் அவரோடு லாரியில் போனேன். தியாகதுருகம் தாண்டும்போதே செய்தி வந்துவிட்டது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம், துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாயிற்று. மழை ஒரு துளிகூட இல்லாமல் வேடியப்பன் வைப்பரைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார். பின்னால் அத்தனை கல்லையும் வைத்துக்கொண்டு, வாய் திறக்காத டிரைவர் பக்கத்தில் உட்கார்வது சுகமான காரியமில்லை.

கரையில் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவசர அவசரமாகக் கல்லை இறக்கிக்கொண்டு, ஒதுக்கின நாலு கல்லை லாரியில் தூக்கிப் போட்டு, போ என்றார்கள். மகள் தெருவுக்கு வந்தோம். கடல் சாம்பல் நிறமாக இருந்தது. இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே அரைகுறையாகத்தான் கேட்டது. நீலக்கல் தலை மட்டும் தெரிந்து, ஒவ்வொரு அலைக்கும் மறைந்து மறைந்து வந்தது. சந்தோஷ் படகை மேடேற்றப் போயிருந்தான். ஷாலினி வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டு வாசலில், தார்ப்பாய் கட்டின அடுப்படிக்கு முன்னால், ஆயம்மாள்.

லாரியில் கல் இருப்பதை முதலில் பார்த்தவர் ஆயம்மாள்தான். "அண்ணே, அந்த நாலு கல்ல என் பக்கம் போடுங்க."

வேடியப்பன் இறங்கினார். பம்புப் பக்கம் போகவில்லை. "போட்டா ஒனக்கு அந்தாண்ட வூடு போவும், ஆயம்மா. அவங்களுக்குப் போட்டா, அதுக்கு அந்தாண்ட போவும்."

"அப்ப ஒம் பொண்ணு வூட்டு கல்ல எடு."

ஆயம்மாள் கத்தவில்லை. மீன் விலை சொல்கிற குரலில்தான் சொன்னார். ஷாலினி அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கல்லை எடுக்கச் சொல்லுவாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் திரும்பி நீலக்கல்லைப் பார்த்தாள். உள்ளே பாத்திரங்களைப் பரண்மேல் ஏற்றி வைத்திருந்தது தெரிந்தது. வேடியப்பன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு மனிதர் அவ்வளவு நேரம் முகம் துடைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று தெருவில் வந்தது. தாழ்வான வீடுகளில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றது. அது போன பிறகு வேடியப்பன் சொன்னார்: "ரெண்டு பேருமே கெளம்புங்க. எங்கூட்டுக்குப் போயிடலாம்."

"அவுரு வரட்டும்பா. ரெண்டு பேருமா பள்ளிக்கூடத்துக்குப் போயிக்கிறோம்" என்றாள் ஷாலினி. "கல்லு தெரியிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். போன்ல சொல்றேன்."

ஆயம்மாள் கொஞ்ச நேரம் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு துணிமூட்டையை அன்னக்கூடையில் வைத்து எடுத்து வந்தார். "கல்லும் போட மாட்ட. எடுக்கவும் மாட்ட. சோறாவது போடுவியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் லாரியின் படியில் காலை வைத்தார்.

மூன்று பேருமாகத் திரும்பினோம். ஆயம்மாள் நடுவில். மடியில் அன்னக்கூடை. உளுந்தூர்பேட்டை வரை பின்னால் நாலு கல்லும் ஒவ்வொரு பள்ளத்திலும் உருண்டு தடாலென்று மோதின. ஒவ்வொரு மோதலுக்கும் வேடியப்பனின் தோள் எகிறியது. டோல்கேட் வெளிச்சத்தில் ஆயம்மாள் திடீரென்று, "எங்க மாமியாரு மீனு வித்துக் கட்டுன வூடு அது" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. வேடியப்பன் வைப்பரைப் போட்டார். இந்தத் தடவை உண்மையாகவே மழை பிடித்திருந்தது.

அவர் வீட்டு வாசலில் லாரி நின்றபோது பெரியம்மாள் குடையோடு ஓடிவந்தார். மழையைக் கண்ட சந்தோஷம் முகத்தில் இருந்தது. ஆயம்மாளைப் பார்த்ததும் அதை அவசரமாக ஒளித்துக்கொண்டார். "வாங்கம்மா, வாங்க" என்று கையைப் பிடித்து இறக்கினார். லாரிக்குள் எட்டிப் பார்த்து, "கல்ல எதுக்கு திருப்பி எடுத்தாந்த?" என்றார்.

"எங்க போட்டாலும் ஒருத்தர் வூட்ல தண்ணி பூருது" என்றார் வேடியப்பன்.

ஆயம்மாள் தாழ்வாரத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார். மழைச் சத்தத்தைக் கேட்டு ஒருமுறை திடுக்கிட்டு எழப் போனார். பிறகு அது மழைதான் என்று தெரிந்து உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணி வேண்டும் என்றார். பெரியம்மாள் எழுவதற்குள் வேடியப்பன் சொம்பை எடுத்துக்கொண்டு பானைப் பக்கம் போய்விட்டார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. ஷாலினிதான், அவளுக்கென்று தனிப் பாட்டு வைத்திருக்கிறார். என் கைகூடத் தானாக நீண்டது. பெரியம்மாள் பதறிப்போய், "இந்தாய்யா, பொண்ணுதான், எடு" என்றார்.

வேடியப்பன் எடுக்கவில்லை. சொம்பை நிரப்பினார். அதிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி, ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். போன் ஓய்ந்து, மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவர் வந்து ஆயம்மாள் முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சொம்பை நீட்டினார். ஆயம்மாள் அண்ணாந்து, கடைசி மடக்கு இறங்கும்வரை குடித்து முடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் வேடியப்பன் சட்டைப் பையின் ஊக்கைக் கழற்றினார்.